சாவியை மறுபடி திருகாதீர்கள்: ஓடும்போது நின்ற இன்ஜினும் வாரண்டியும்

ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றால் கை தானாகச் சாவிக்குத்தான் போகும். அந்த ஒரு திருகலில் இரண்டு கெடுதல் உண்டு. சின்னப் பழுதாக முடிய வேண்டியது இன்ஜினையே காவு வாங்கலாம். அதோடு, பின்னால் வாரண்டி கேட்கும்போது, "நீங்களே மறுபடி மறுபடி ஸ்டார்ட் போட்டுக் கெடுத்துவிட்டீர்கள்" என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு ஒரு வாய்ப்பும் கிடைத்துவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் வண்டிகளில் இது இன்னும் மோசம். அவை நிற்கும் இடம் பெரும்பாலும் ஓடைக்கு நடுவிலோ, செங்குத்தான ஏற்றத்திலோ, டவர் கிடைக்காத காட்டுப் பாதையிலோதான்.

தண்ணீரில் இறங்கி நின்ற வண்டியை ஏன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 550 மில்லி. கம்ப்ரஷன் விகிதம் (காற்று எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பது) 16 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே வந்து முட்டும் நேரத்தில் அங்கே மிச்சமிருக்கும் இடம் வெறும் 37 மில்லி. அரை டம்ளர் டீ கூட இல்லை. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் அது காற்றைப் போல நசுங்கிக் கொடுக்காது. பிஸ்டனை இன்ஜினின் சுழலும் தண்டோடு (கிராங்க்ஷாஃப்ட்) இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். பல நேரம் வளைந்த ராடோடு இன்ஜின் ஓடவும் செய்யும். "நல்லாத்தானே ஓடுது" என்று வீட்டுக்கு ஓட்டி வந்து, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிய பிறகு ராடு முறிந்து பிளாக்கில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அப்போது அந்த ஓடையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நின்ற உடனே பார்க்க வேண்டியவை சில உண்டு. எந்த விளக்கு முதலில் எரிந்தது? சிவப்பு ஆயில் கேன் விளக்கு முன்னால் வந்ததா, வெப்பமானி ஏறியதா, அல்லது எதுவும் எரியாமல் அப்படியே அணைந்ததா? எந்த கியர், 4ஹெச்சா (நான்கு சக்கர ஓட்டத்தின் வேக நிலை) 4எல்லா (ஊர்ந்து போகும் நிலை), எவ்வளவு சரிவு, என்ன சத்தம்? போனை எடுத்து டாஷ்போர்டு, ஓடோமீட்டர், ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக், கூலன்ட் டப்பா, வண்டிக்கு அடியில் தரை, ஏர் ஃபில்டர் பெட்டியின் உட்புறம் எல்லாவற்றையும் படமெடுங்கள். ஏர் ஃபில்டர் காகிதம் காய்ந்திருந்ததற்கு ஒரு படம் இருந்தால், "தண்ணீர் போயிருக்கும்" என்ற பேச்சுக்குப் பின்னாளில் அதுவே பதில். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் புளூடூத் ஓபிடி ரீடர் வைத்திருப்பவர்கள் கோளாறு எண்களைப் படித்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அழிக்காதீர்கள். பி0087 என்றால் இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் காமன் ரெயிலில் அழுத்தம் குறைவு, பி0335 கிராங்க் சென்சார், பி0524 ஆயில் பிரஷர் மிகக் குறைவு, பி0016 கிராங்கும், வால்வுகளைத் திறக்கும் கேமும் ஒத்துப்போகவில்லை. எண்ணோடு சேரும் ஃப்ரீஸ் ஃப்ரேமில் அந்த நொடியின் ஆர்பிஎம், வேகம், வெப்பம் எல்லாம் பதிவாகியிருக்கும். அதை அழித்துவிட்டால் சாட்சியை நாமே கலைத்த மாதிரி.

இன்ஜின் இறுகிவிட்டதா, சும்மா நின்றதா என்பதைக் கையால் சுற்றிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வாரண்டியில் இருக்கும் வண்டியென்றால் இதைச் சர்வீஸ் சென்டரில் உங்கள் முன்னிலையில் செய்யச் சொல்வதே நல்லது. முதலில் முன்பக்க பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஏசி கம்ப்ரஸரோ ஆல்டர்னேட்டரோ இறுகியிருந்தாலும் இன்ஜின் இறுகியது போலவே காட்டும். இதைப் பார்க்காமலே "இன்ஜின் சீஸ்" என்று எழுதிவிடும் இடங்கள் உண்டு. பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் நீளப் பிடி ராட்செட் மாட்டி இரண்டு முழுச் சுற்று. கம்ப்ரஷன் எதிர்ப்போடு ஒழுங்காகச் சுற்றினால் கோளாறு பெரும்பாலும் டீசல் அல்லது மின்சாரப் பக்கம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் முட்டினால் உள்ளே தண்ணீர், அல்லது பிஸ்டனில் வால்வு இடிக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் வழவழவென்று சுற்றினால் டைமிங் செயினோ பெல்ட்டோ அறுந்திருக்கும், இல்லையென்றால் கேம்ஷாஃப்ட் முறிந்திருக்கும். அசையவே அசையாவிட்டால் பேரிங் அல்லது பிஸ்டன். தண்ணீர் சந்தேகம் இருந்தால் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் சுற்ற வேண்டும்.

இழுத்துச் செல்லும்போதும் கவனம் வேண்டும். ஃப்ளாட்பெட் லாரிதான் கேட்க வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் தூக்கிப் பின் சக்கரம் தரையில் உருள விட்டால் கியர்பாக்ஸ் பக்கத்தைப் பின் சக்கரத்தோடு இணைக்கும் புரொபெல்லர் ஷாஃப்ட் சுற்றும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் பம்ப் இன்ஜின் ஓடினால்தான் ஓடும், ஆக உள்ளே பல்சக்கரங்கள் வறட்சியில் சுற்றும். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் இருந்தால் அதில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பட்டனால் மாறும் வகைகளில் அதற்கு பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும். இன்ஜின் வாரண்டியோடு கியர்பாக்ஸ் சண்டையையும் இழுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, ஏன் நிற்கிறது என்பதற்கு வருவோம். டீசல் ஃபோர் பை ஃபோரில் நான் அதிகம் பயப்படுவது ஆயில் கிடைக்காமல் போவதைத்தான். அது திடீரென்று நடப்பது போலத் தெரியும், உண்மையில் மாதக்கணக்கில் தயாராகியிருக்கும். டொயோட்டாவின் 1கேடி இன்ஜின் இதற்கு நல்ல பாடம். பிராடோ, ஹைலக்ஸ் வண்டிகளிலும், இந்தியாவில் 2009 முதல் 2016 வரை விற்ற பழைய ஃபார்ச்சூனர் 3.0-விலும் இருப்பது இதுதான். இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு சின்னச் செம்பு வாஷர். அது சரியாக அமராமல் போனால் எரிந்த வாயு மேலே கசிந்து வால்வு கவருக்குள் போகும். அங்கே ஆயிலோடு சேர்ந்து கருகித் தார் மாதிரி ஆகி, துகள் துகளாக உதிர்ந்து கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கும். சம்ப்பைக் கழற்றி ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரைத் திருப்பிப் பாருங்கள். வடிகட்டி வலை தெரியவே தெரியாது. அடுப்பங்கரைச் சுவரில் வருஷக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு மாதிரிக் கறுப்பாக அடைத்திருக்கும், விரலால் நிமிண்டினால் பொடியாக உதிரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் நிறைவாக இருக்கும், ஆனால் பேரிங்குக்கு ஒரு சொட்டுப் போகாது. முதல் அறிகுறி, சூடான பிறகு ஐடிலில் ஆயில் விளக்கு ஒரு கணம் மினுக்கி அணைவது. "சென்சார் கோளாறா இருக்கும் சார்" என்ற பதிலை ஏற்காமல் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அழுத்தத்தை அளக்கச் சொல்ல வேண்டிய தருணம் அதுதான்.

பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் வேறு மாதிரி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் உண்டு. அதில் சேர்ந்த கரியை எரிக்க, சிலிண்டருக்குள் தாமதமாகக் கூடுதல் டீசலை ஊற்றி வெளியேறும் புகையைச் சூடாக்குவது பல இன்ஜின்களின் வழி. நெடுஞ்சாலையில் 20 நிமிடம் சீராக ஓட்டினால் வேலை முடிந்துவிடும். ஊருக்குள் நெரிசலிலும், 4எல்லில் ஊர்ந்து போகும் பாதைகளிலும் அது பாதியில் நின்று நின்று மறுபடி தொடங்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதா? சந்தோஷப்படாதீர்கள். மேல் கோட்டைத் தாண்டினால் ஆயில் நீர்த்துவிட்டது என்று பொருள். கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். மாற்றிய பில்லையும், மாற்றுமுன் எடுத்த டிப்ஸ்டிக் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அதுபோல, கீழ்க் கோட்டை ஒட்டி ஆயிலை வைத்துக்கொண்டு செங்குத்தாக ஏறினால் ஆயில் சம்ப்பின் ஒரு மூலைக்கு ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுக்கும். மலைக்குக் கிளம்பும்போது மட்டம் மேல் கோட்டில் இருக்கட்டும்.

தூசியும் இன்ஜினைத் தின்னும். வெளியே வாங்கி மாட்டிய ஸ்நார்க்கலின் (காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) இணைப்பில் சீலன்ட் சரியாக இல்லாமல் ஒரு முடியளவு இடைவெளி இருந்தாலும் போதும், ஃபில்டரைத் தாண்டி மண் உள்ளே போய்ப் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். 4ஹெச்சில் வேகமாகப் போகும்போது தவறிக் கீழ் கியர் விழுந்து ஆர்பிஎம் எகிறினால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான இசியூ டீசலை நிறுத்தலாமே தவிர, சக்கரம் இன்ஜினைச் சுற்றுவதை நிறுத்த முடியாது. பல இசியூக்களில் இந்த எகிறல் பதிவாகும், சர்வீஸ் சென்டர் ஸ்கேனரில் தெரியவும் தெரியும். நடந்தது அதுவென்றால் வாரண்டியில் மறைத்துப் பயனில்லை.

தொழிற்சாலையிலிருந்தே வரும் குறைகளும் கற்பனையல்ல. 2021 பிப்ரவரியில் மஹிந்திரா, 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தயாரான 1577 டீசல் தார் வண்டிகளைக் கேம்ஷாஃப்ட்டைச் சோதித்து மாற்ற அழைத்தது. அமெரிக்காவில் 2024 மே மாதம் டொயோட்டா, 2022, 2023 மாடல் டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் 600 என ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இன்ஜினைக் கடையும்போது மிஞ்சிய உலோகத்தூள் உள்ளேயே தங்கி மெயின் பேரிங்கைக் கெடுத்தது காரணம். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 இன்ஜினுக்காக அங்கே 6 லட்சத்தை ஒட்டிய வண்டிகளை அழைத்தது. கனெக்டிங் ராடிலும் கிராங்க்ஷாஃப்ட்டிலும் குறை. சோதனையில் தப்பிய வண்டிகளுக்குத் தந்த மருந்து, சற்றுக் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில்! ஆக, உங்கள் வண்டி நின்றால் சேசிஸ் எண்ணின் 17 எழுத்தெண்களையும் தயாரிப்பாளரின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பார்ப்பதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ரீகாலில் இருந்தால் வாரண்டி முடிந்துவிட்டதே என்ற கவலையே தேவைப்படாது.

வண்டி சர்வீஸ் சென்டருக்குள் போனதும் விளையாட்டு காகிதத்துக்கு மாறுகிறது. ஜாப் கார்டில் அட்வைசர் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று இரண்டு சொல்லில் முடிக்கப் பார்ப்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். "42,310 கிலோமீட்டரில், 60 வேகத்தில், ஐந்தாவது கியரில் போகும்போது ஆயில் விளக்கு எரிந்து இன்ஜின் நின்றது, மறுபடி ஸ்டார்ட் செய்யவில்லை" என்கிற மாதிரி எழுதவையுங்கள். பிரித்துப் பார்க்கும் கூலிக்கு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில், "குறை வாரண்டிக்குள் வந்தால் இந்தக் கூலி கிடையாது" என்று ஒரு வரி கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தொகை எழுதாத எஸ்டிமேட்டில் போடவே போடாதீர்கள்.

பிரிக்கும் முன் ஆயில் சாம்பிள். இதை விட்டுவிட்டால் பிறகு எந்தக் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆயிலை வடிக்கும்போது, முதலில் வரும் கசண்டை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான இரண்டு பாட்டில்களில் 100 மில்லி வீதம் பிடியுங்கள். இரண்டிலும் தேதி, கிலோமீட்டர், வண்டி எண், இரு தரப்புக் கையெழுத்து. ஒன்று சோதனைக்கு, ஒன்று சீல் வைத்து உங்களிடம். சோதனையில் ஈயம், தகரம், செம்பு ஏறியிருந்தால் பேரிங், அலுமினியம் ஏறியிருந்தால் பிஸ்டன். அதோடு சிலிக்கானும் இரும்பும் கூடினால் தூசி. சோடியம் அல்லது பொட்டாசியம் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, அதாவது ஹெட் கேஸ்கெட், அல்லது புகையைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் கூலர் பக்கம் பார்க்க வேண்டும். டீசல் கலப்பு எத்தனை சதவீதம் என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஆயில் ஃபில்டரையும் குப்பையில் போட விடாதீர்கள். அதை அறுத்து மடிப்புகளை விரித்தால் வெயிலில் ஜிகினா மாதிரி மின்னும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் மின்னினால் பெரும்பாலும் பேரிங் உலோகம் அல்லது அலுமினியம்.

டீலர் ஏன் இழுத்தடிக்கிறார் என்பதைப் புரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் குறையும். வாரண்டி வேலைக்கு அவருக்குப் பணம் தருவது தயாரிப்பாளர். இன்ஜின் மாதிரிப் பெரிய உருப்படிக்கு முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்து, பிறகு கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் நஷ்டம் டீலருக்கு. ஆகவே அட்வைசரோடு சண்டை போடுவதில் அர்த்தமில்லை. கிளெய்ம் எந்தத் தேதியில் அனுப்பினார்கள், அதன் எண் என்ன, ஏரியா சர்வீஸ் மேனேஜர் எப்போது நேரில் பார்க்கிறார் என்ற மூன்றையும் மெயிலில் கேளுங்கள். தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவையிலும் தனியாகப் புகார் எண் வாங்கிவையுங்கள். போனில் பேசியதையும் அன்று மாலையே "இன்று நீங்கள் சொன்னபடி…" என்று மெயிலாக அனுப்பிவிடுங்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "வாடிக்கையாளரின் கவனக்குறைவு" என்பது காரணமாகாது. எந்தப் பாகம், எதனால், எந்த வாரண்டி விதிப்படி என்று இருக்க வேண்டும். வழக்கமாக வரும் பதில்கள் சில. சர்வீஸ் தவறியது என்பார்கள். ஆயில் ரகமும் அளவும் போட்ட பில்கள் இருந்தால் இது நிற்காது. ஒரு சர்வீஸ் சில நூறு கிலோமீட்டர் தள்ளிப்போனதற்கும் கேம்ஷாஃப்ட் முறிந்ததற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வெளியே மாட்டிய விளக்கு, வின்ச், பெரிய டயர் இவற்றைக் காட்டுவார்கள். அமெரிக்காவில் 1975-இலிருந்து மேக்னசன்-மாஸ் சட்டம் இருக்கிறது, வெளிப் பாகம் மாட்டியதாலேயே வாரண்டி போய்விடாது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. மாட்டிய பொருளுக்கும் பழுதுக்கும் தொடர்பு இல்லை என்று நாம்தான் வாதாட வேண்டியிருக்கும். இசியூ ரீமேப் (அதன் மென்பொருளை மாற்றுவது) செய்திருந்தால் அந்த வாதமும் எடுபடுவது கடினம். பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல இசியூக்களில் தங்கிவிடும். "கலப்பட டீசல்" என்றால் டேங்க்கிலிருந்தும் ஃபில்டர் கிண்ணத்திலிருந்தும் சாம்பிள் எடுத்தார்களா என்று கேளுங்கள். பங்க் பில்லையும் நீட்டுங்கள்.

தண்ணீர் புகுந்தது உண்மையென்றால் வாரண்டி வாசலில் நிற்காதீர்கள். அது இன்சூரன்ஸ் விஷயம். சாதாரண பாலிசியில் வெள்ளச் சேதம் இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதத்தைத் தொடர்விளைவு என்று தள்ளிவிடுவார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு அதற்காகத்தான். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளுக்கும் இதே விதிதான். சர்வேயர் பார்க்கும் முன் போல்ட் ஒன்றைக் கூடக் கழற்ற விடக் கூடாது.

அனுமதி வந்துவிட்டால், என்ன மாற்றுகிறார்கள் என்பதில் விழிப்பாக இருங்கள். பேரிங் போன இன்ஜினின் உலோகத்தூள் ஆயில் போன இடமெல்லாம் போயிருக்கும். ஆயில் கூலருக்குள் புகுந்ததைக் கழுவி எடுக்க முடியாது. பழைய கூலரையும் பழைய டர்போவையும் புது ஷார்ட் பிளாக்கில் (பிஸ்டனும் கிராங்கும் பொருத்திய இன்ஜின் அடிப்பகுதி) மாட்டினால் இரண்டாவது இன்ஜினும் அதே வழியில் போகும். கூலர், டர்போ, அதன் ஆயில் குழாய், ஆயில் பம்ப் நான்கும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். டீசலை அழுத்தித் தள்ளும் ஹை பிரஷர் பம்ப் உள்ளே உதிர்ந்திருந்தால் ரெயில், இன்ஜெக்டர், குழாய்கள் மாற்றி, டேங்க்கையும் கழுவ வேண்டும். மாற்றிய பாகத்துக்குப் பொதுவாக மிச்சமிருக்கும் வாரண்டி காலம் மட்டும்தான், புதிதாகத் தொடங்காது. வண்டி நின்ற நாட்களை நீட்டித் தரக் கேட்பதில் தப்பில்லை, சிலர் தருகிறார்கள். பழைய பாகங்களை வாரண்டியில் திருப்பித் தர மாட்டார்கள். ஆகவே வளைந்த ராடு, தேய்ந்த பேரிங் ஓடு எல்லாவற்றையும் அருகில் வைத்துப் படமெடுத்துவிடுங்கள்.

எதுவும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கட்டணம் 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய், 20 முதல் 50 லட்சம் வரை 1000 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள், ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். உற்பத்திக் குறை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஆணையம் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். சீல் வைத்த அந்த இரண்டாவது பாட்டில் அப்போதுதான் பேசும். வண்டி விலையை முழுதாகத் திரும்பக் கேட்டு அடம்பிடிப்பதைவிட, புது இன்ஜினும் நின்ற நாட்களுக்கு இழப்பீடும் கேட்பது நடக்கக் கூடிய காரியம் என்பது என் கருத்து.

வண்டியை எடுக்கும் நாளில் பிளாக்கில் பொறித்த எண்ணைப் படமெடுத்து, பில்லில் அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அந்த எண் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி-யிலும், இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் வண்டியை விற்கும்போதோ அடுத்த கிளெய்மிலோ மாட்டிக்கொள்வீர்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள்.